அன்வர் பாய் அழித்த வரிகள்

“எல்லாம் உள்ள கீதும்மா, ஏத்துனா முடிஞ்சுது” என்று சொல்லித்தான் அன்வர் பாய் அந்த எக்செல் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கணக்கு சாஃப்ட்வேருக்குள் ஏற்றுவது என்னவோ மூட்டையை வண்டியில் ஏற்றுகிற காரியம் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் முறை ஏற்றியபோது, மேலே பேங்க் போட்டிருந்த கிளைப் பெயர், முகவரி, நன்றி வணக்கம் எல்லாவற்றையும் வரவு செலவு என்று எடுத்துக்கொண்டு சாஃப்ட்வேர் திருதிருவென்று விழித்தது. அவற்றை வெட்டி எறிந்தேன். அடுத்த முறை ஏப்ரல் மூன்றாம் தேதியை மார்ச் நான்காம் தேதி என்று படித்துத் தொலைத்தது. தேதிகளை ஒழுங்கு பண்ணினேன். அப்புறம் லட்சத்துக்கு நாம் போடுகிற கமா அதற்குப் பிடிக்கவில்லை. அறையில் யாரும் இல்லாததால் நன்றாகவே திட்டினேன். கமாக்களையும் எடுத்த பிறகு ஒருவழியாக ஏறியது.

பாயின் கடை தி.நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு காம்ப்ளெக்ஸில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. லைனிங் துணி, ஃபால்ஸ், ஜிப்பு, ஊக்கு, பட்டன். ரவிக்கைத் துணியை நீட்டினால் அதே நிறத்தில் லைனிங் எடுத்துக் கொடுப்பார். அந்தக் கட்டடத்தை ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம் வாங்கிவிட்டது. இனி முறையான லீஸ் போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் இடம். இரண்டு வருடக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்தோடு வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கூடவே வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு நாளைக் காலைதான் கெடு. தவறினால் அந்த மாடிப்படி இடம் ஜூஸ் கடைக்குப் போய்விடும். இன்று தி.நகரில் இருக்கிற வாடகைக்கு ஊக்கும் ஜிப்பும் விற்கிற மனிதர் வேறு கடை எடுப்பது நடக்காத காரியம். கணக்கு சரியாக வந்தால் பாய்க்குக் கடை உண்டு, வராவிட்டால் இல்லை.

நான் ஷண்முகப்ரியா. ஆழ்வார்பேட்டையில் ஆடிட்டர் விஜயராகவன் சாரிடம் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் வெளியே வந்து மந்தைவெளியில் ஓர் அறை எடுத்துச் சொந்தமாகக் கணக்கு எழுதுகிறேன். எழுதுவது நான், கையெழுத்து இன்னும் சார்தான்.

ஏறிய கணக்கில் கடைசி இருப்பைப் பார்த்தேன். பேங்க் காட்டுவதைவிட நம் கணக்கில் கொஞ்சம் குறைவாக இருந்தது. பெரிய தொகை இல்லை. சாருக்கு ஃபோன் போட்டேன்.

“எவ்ளோ வித்யாசம்? அவ்ளோதானா? சஸ்பென்ஸ்ல போட்டுட்டுக் கொண்டு வா. இன்னிக்கு ஆத்துல விசேஷம், ஆறு மணிக்கு நான் கிளம்பிண்டே இருப்பேன்” என்றார்.

சஸ்பென்ஸ் என்பது, எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைப் போட்டு மூடிவைக்கிற தலைப்பு. சாரின் ஆபீஸில் அதில் போடாத சங்கதி கிடையாது. எனக்கு அந்தத் தலைப்பைக் கண்டாலே ஆகாது. அதுவும் இந்தக் கணக்கை நாளைக்கு இன்னொருவர் பேங்க் பேப்பரோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார். இடிக்கிற இடம் எது என்று தெரியாமல் இதை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

பேங்க் ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் நேராக அன்றைய இருப்பு இருக்கும். நாங்கள் அதை ஏற்றுவதில்லை. அந்தப் பத்தியை எடுத்து, முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் அடுத்த இருப்பு வருகிறதா என்று எக்செலையே சரிபார்க்கச் சொன்னேன். எல்லா வரியும் சரியென்று வந்துகொண்டிருந்தது, ஜூன் கடைசி வரைக்கும். அங்கே இருப்பு தானாக ஏறியிருந்தது. ஏற்றிய வரி இல்லை. சில நாள் கழித்து அதே தொகை, ஒரு ரூபாய் பிசகாமல், தானாக இறங்கியிருந்தது. இறக்கிய வரியும் இல்லை.

செப்டம்பரிலும் அப்படி. டிசம்பரிலும் அப்படி. இரண்டு வருடமும் இதே கதை. கடைசி மார்ச்சில் மட்டும் ஏறியது இறங்கவில்லை, அதற்குள் வருடம் முடிந்துவிட்டது. நான் தேடிய வித்தியாசம் அந்தக் கடைசித் தொகைதான். சார் சொன்னபடி சஸ்பென்ஸில் போட்டிருந்தால் மற்றவை என் கண்ணிலேயே பட்டிருக்காது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பணம் வருகிறது, அப்படியே போகிறது, யாரோ உட்கார்ந்து தடயத்தைத் துடைத்திருக்கிறார்கள். இந்த மனிதரையா நான் நேர்மையானவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்?

“பாய், ஃபைல்ல லைன் எதாவது அழிச்சீங்களா?”

ஃபோனில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“அது நம்ப லைன் இல்லம்மா. கீறத ஏத்து, போதும். தொழுகைக்கு டைம் ஆச்சு” என்று வைத்துவிட்டார்.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்குள் ஆட்டோ நுழையாது என்று டிரைவர் பனகல் பார்க்கிலேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து இடித்துப் பிடித்துக் கடைக்குப் போனால், பாய் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கடை முகப்பில் ஒரு துணி தொங்கியது. காம்ப்ளெக்ஸைப் பெருக்கித் துடைக்கிற தேவானை படியில் உட்கார்ந்திருந்தாள்.

“பாய் வந்துடுவாரு, குந்து. இன்னா மூஞ்சி இப்படி கீது?” என்றாள்.

“பாய் வரட்டும், சொல்றேன்.”

பாய் தொப்பியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். துணியை விலக்கிவிட்டு உள்ளே போனவர், ரவிக்கைத் துணியோடு நின்ற ஒரு அம்மாவுக்கு மயில்கழுத்துப் பச்சையில் லைனிங் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அதுவரைக்கும் நான் பொறுமையாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

“என்ன பணம் பாய் அது? வந்ததையும் காணோம், போனதையும் காணோம். என்கிட்ட மறைச்சா நான் எப்படிக் கணக்கு எழுதறது?”

“வட்டிம்மா” என்றார். கெட்ட வார்த்தை சொல்வதுபோல் குரலைத் தணித்துச் சொன்னார். “மூணு மாசத்துக்கு ஒருவாட்டி பேங்குல போட்டுடறான். நான் கேட்டனா? நமக்கு அது ஆகாது. அந்த துட்டுல ஒரு டீ கூட குடிக்க மாட்டேன். பேங்குக்கு நேரா போயி, சிலிப்பு எழுதி, ஒரு ரூபா மிச்சம் வெக்காம எடுத்து தேவானைக்கு குட்த்துடுவேன். அவ பொண்ணு மதுமதி லேப் டெக்னீசியன் படிச்சிகினு கீது இல்ல, அதுக்கு ஃபீஸ்.”

“சரி, தர்மம்தானே? அதுல மறைக்க என்ன இருக்கு?”

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

“தர்மமா? தர்மம் என் துட்டுல செய்யறது. அது தனியா செஞ்சிகினுதான் கீறேன். இது என் துட்டே இல்ல. என்னுது இல்லாதத குட்த்தா எனக்கு ஏதும்மா நன்மை? மேல மலக்குங்க, அதான் வானவருங்க, எழுதற கணக்குலயே அது என் பேருல ஏறாது. மேலயே எழுதாதத கீழ நான் இன்னாத்துக்கு எழுதணும்? அதான் அழிச்சேன். வந்ததையும் அழிச்சேன், போனதையும் அழிச்சேன். மத்தது சுத்தமா கீதா இல்லியா, நீயே சொல்லு.”

மத்தது சுத்தமாகத்தான் இருந்தது. ஆட்டோவில் வரும்போது இவரை என்னென்னவோ நினைத்தேன், அத்தனைக்கும் வெட்கமாக இருந்தது. தன் பெயரில் நல்லது ஒட்டிக்கொண்டுவிடக் கூடாது என்று உட்கார்ந்து டெலீட் பண்ணிக்கொண்டிருந்த மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க அன்று நேரம் இல்லை.

“பாய், நாளைக்கு பேங்க் பேப்பரையும் நம்ம கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. அங்க இருக்கறது இங்க இல்லன்னா உங்களை என்னன்னு சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். அல்லாவுக்குத் தெரியும்.”

“அவருக்குத் தெரியும் பாய். புது ஓனருக்குத் தெரியாதே!”

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“பேசாம கரண்ட் அக்கவுண்டுக்கு மாத்தியிருக்கலாமே. அதுக்கு வட்டியே கிடையாது” என்றேன்.

“பேங்குலயும் அதான் சொன்னாங்க” என்றவர், படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “மாத்திட்டா ஃபீஸுக்கு இன்னா பண்ணும் அந்தப் பொண்ணு? வேணாங்கற துட்ட வரட்டும்னு உட்டு வெச்சிகினு கீறேன். தப்புதான். படிச்சி முடிக்கட்டும், மறுநாளே மாத்திடறேன்.”

அவருடைய ஃபோனில் இந்த ஜூன் வட்டி வந்த மெசேஜ் மேலேயே நின்றது, தொகையைச் சில்லறையோடு வாய்விட்டுப் படித்தேன். அதற்குக் கீழே பேங்க் மெயில் இருந்தது. அதிலிருந்த அசல் ஃபைலை வாங்கிக்கொண்டு, கடை ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் விரித்தேன். முகவரியை வெட்டு, தேதியைத் திருத்து, கமாவை எடு என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஒரே ஏற்றில் ஏறியது. அழிந்த வரிகள் எல்லாம் திரும்பி வந்து நின்றன. ஒவ்வொன்றையும் எந்தத் தலைப்பில் போடட்டும் என்று சாஃப்ட்வேர் கேட்டது.

“வட்டி வருமானம்னு போடறேன்” என்றேன்.

“வருமானமா? என் பேருல வட்டி வருமானமா? உடும்மா, கடையே வேணாம்!”

“சரி, அது வேணாம். தேவானை அக்காவுக்குக் கொடுத்ததை நன்கொடைன்னு…”

“இப்பதானே சொன்னேன், தர்மம் இல்லன்னு!”

“அப்ப சொந்தச் செலவு. முதலாளி எடுத்துக்கிட்டது.”

“நான் துன்னனா அத?”

பட்டன் வாங்க வந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள். பாய்க்கு வியாபாரமும் போயிற்று. சார் ஃபோன் பண்ணினார். “என்ன ஆச்சு, நான் கிளம்பட்டுமா?” என்றார். “இருங்க சார், வந்துண்டே இருக்கேன்” என்று அவர் பாஷையிலேயே சொல்லிச் சமாளித்தேன். சஸ்பென்ஸ் என்ற அந்தத் தலைப்பு பட்டியலின் அடியில் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.

உருட்டும்போது சௌகார்பேட்டை மொத்த வியாபாரி பெயர் கண்ணில் பட்டது. பாய் லைனிங் வாங்குகிற இடம். அவருக்குத் தர வேண்டிய பாக்கி அவர் பெயரிலேயே நின்றது. பாயின் பேங்கில் கிடந்தாலும் அந்தப் பணம் பாயுடையது இல்லை.

“பாய், யோசிக்காம சொல்லுங்க. அந்த வட்டிப் பணம் யாருது?”

“தேவானைது” என்றார், யோசிக்காமலே.

“அப்ப தேவானை பேர்லயே எழுதறேன். வருமானமும் இல்ல, தர்மமும் இல்ல. நீங்க அவங்களுக்குத் தர வேண்டியது. பேங்க்ல வந்தா அவங்க பேர்ல ஏறும், நீங்க கொடுத்தா இறங்கும். நல்லது பண்ணினார்னு உங்க பேர் எங்கயும் வராது. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், இன்கம் டாக்ஸ்ல இதைக் காட்டித்தான் ஆகணும். சட்டம் அப்படி.”

“டாக்ஸ் என் துட்டுலேர்ந்து கட்டிடறேன். அதுல கை வெக்காத.” தொப்பியைக் கழற்றி மடித்தார், மறுபடி விரித்தார். “தர வேண்டியது… சரிதான். தர வேண்டியதுதானே அது. எழுது.”

பெயர் அவளுடையது, அவளிடமும் கேட்க வேண்டும் அல்லவா? தேவானையைக் கூப்பிட்டுச் சொன்னேன். “கடன் கிடன்னு என் பேர எழுதி பேஜார் பண்ணிடாதம்மா” என்று பின்வாங்கினாள்.

“உங்க கடன் இல்லக்கா. பாய் உங்களுக்குத் தர வேண்டிய கடன்.”

“எனக்கு வர வேண்டியதா?”

“ஆமா.”

“எனக்கு? வர வேண்டியது?” என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகு குனிந்து திரையில் தன் பெயரைத் தேடினாள். சௌகார்பேட்டை வியாபாரிக்கு நேர் கீழே இருந்தது. “சரி, எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

எல்லா வரிக்கும் தலைப்புப் போட்டு முடித்தேன். வித்தியாசம் என்ற கட்டத்தில் பூஜ்யம் வந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன், வேறு காரணம் கிடையாது.

ஆழ்வார்பேட்டை போய்ச் சேர்ந்தபோது சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே புரட்டினார்.

“யாரு இந்த தேவானை?”

சொன்னேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்தார், பையைக் கழற்றினார், முதலிலிருந்து மறுபடி படித்தார். வருமான வரி சங்கதியைக் கேட்டார், பாய் சொன்னதைச் சொன்னேன்.

“சஸ்பென்ஸ்ல போட்டிருந்தா மத்யானமே முடிஞ்சிருக்கும்” என்றார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

“முடிஞ்சிருக்கும் சார்” என்றேன்.

மறுநாள் காலை புது முதலாளியின் கணக்கர் பாலகணேஷ் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர், பேனாவைக் காதில் செருகியிருந்தார். பாய் கடையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேங்க் பேப்பர் ஒரு கையிலும் எங்கள் கணக்கு மறு கையிலுமாக வரி வரியாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். பாய் வெட்டிய துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். ஜூன் கடைசியில் பேனா நின்றது.

“இது பேங்க் வட்டில்லா? உங்க வருமானத்துல காணலியே. யாரு பாய் இந்த தேவானை? சப்ளையரா? முதலாளி அண்ணாச்சி கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

பாய் வாயே திறக்கவில்லை. திறந்தால் தன் நல்ல காரியத்தைத் தானே சொன்னதாகிவிடும் என்று பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லப்போனேன். அதற்குள் படியிலிருந்து குரல் வந்தது.

“நான்தான் தேவானை.”

பாலகணேஷ் நிமிர்ந்தார். ஈரத் துணியும் வாளியுமாக அவள் நின்றாள்.

“உங்களுக்கா பாய் பணம் தரணும்?”

“ஆமா, எனக்குத்தான். என் பேரு எழுதி கீது இல்ல? மார்ச்சுல நின்னத அடுத்த மாசமே குட்த்துட்டாரு. இந்த ஜூன்து இன்னும் வர்ல” என்றவள், பாய் பக்கம் திரும்பினாள். “நானே கேக்கலாம்னுதான் இருந்தேன் பாய். பொண்ணுக்கு ஃபீஸ் கட்டற நாளு வந்துகினே கீது. எப்ப குடுப்பே?”

பாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை நாளாக அவர் நீட்ட, அவள் வாங்கிக்கொண்டு கும்பிட்டிருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்குக் கேட்கிறாள்.

பாலகணேஷ் மார்ச் கடைசி வரியைப் பார்த்தார், தேவானை பெயருக்கு நேரே நின்ற தொகையைப் பார்த்தார், இரண்டுக்கும் ஒரு டிக் போட்டார். மிச்ச வரிகளை முடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. “எல்லாம் ஒத்துப்போவுது. போடுங்க பாய்” என்று லீஸ் பேப்பரை முன்னால் தள்ளினார்.

“இரு தம்பி. தர வேண்டியத வெச்சிகினு நான் எதுலயும் கையெழுத்து போட மாட்டேன்” என்றார் பாய்.

“பாய், பேங்க் இன்னைக்கு லீவு, நாலாவது சனிக்கிழமை” என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. ஏ.டி.எம். பக்கம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டார். லீஸ் பேப்பர் விசிறிக் காற்றில் படபடத்தது. பாலகணேஷ் அதன்மேல் ஒரு பட்டன் டப்பாவை எடுத்து வைத்தார். அந்த மனிதர் திரும்பி வருவதற்குள் முதலாளி ஃபோன் பண்ணி வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் பாலகணேஷின் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேர்க்க விறுவிறுக்க வந்தார். நூறும் ஐநூறுமாக நோட்டுகளைத் தேவானையிடம் கொடுத்தார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எங்கள் எதிரிலேயே எண்ணினாள். எண்ணிவிட்டு நகரவில்லை.

“சில்லறை?” என்றாள்.

“இன்னா?”

“மேல நாப்பத்தி மூணு ரூபா கீதாமே. நேத்து இந்தப் பொண்ணுதான் உன் ஃபோனப் பாத்து படிச்சிது. அது எங்க?”

அன்வர் பாய் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவைத் திறந்தார். நாற்பத்து மூன்று ரூபாயை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கும்பிடவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, விட்ட படியிலிருந்து துடைக்கப் போனாள்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி, பாய் பேனாவை வாங்கினார்.